சதுரங்கப் பலகையில் இல்லாத காணிகள்

சமூகவியல் ஆராய்ச்சியிலே கணனி புகுந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. மனிதரைக் கேட்டறிவதோடு நில்லாது, கணனிக்குள்ளே ஒரு போலிச் சமூகத்தை ஆக்கி, அதற்குச் சில விதிகளைக் கொடுத்து இயங்கவிட்டு, விளைவதைப் பார்க்கும் முறை இன்று தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. இத்துறையில் நாட்டங்கொள்ளும் மாணவர் முதலிற் கையிலெடுப்பது பெரும்பாலும் தோமஸ் ஷெல்லிங்கின் மாதிரியுருவையே. ஆகவே அதனையே இங்கு எடைபோட விரும்புகிறோம்.

2005இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஷெல்லிங், 1971இல் வெளியிட்ட கட்டுரையின் அடிப்படை எளியது. ஒரு சதுரங்கப் பலகை; இருவகை நாணயங்கள்; சில வெறுங்கட்டங்கள். தன் அயலிலே மூன்றிலொரு பங்கேனும் தன்னினத்தார் இருக்கவேண்டும் என்று மட்டுமே ஒவ்வொரு நாணயமும் கேட்பதாகக் கொள்வோம். இல்லையேல் அது வேறு கட்டத்துக்குப் பெயரும். முதலில் கணனியின்றிக் கையாலேயே நாணயங்களை நகர்த்திப் பார்த்தார் அவர். பலகை விரைவிலேயே பிளவுபட்டுப்போகிறது. பிறரை வெறுப்பவர் ஒருவருமில்லை. ஆயினும் பிரிவினை முற்றிவிடுகிறது! தனிமனித மனங்களைத் திருத்தினாற் சமூகம் தானே திருந்திவிடும் என்று போதிப்போருக்கு இது நல்ல அடி என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயின் இப்பலகையைக் கொடிகாமத்துக்குக் கொண்டுவந்து விரித்துப் பார்ப்போம். பலகையில் வெறுங்கட்டம் எவருக்கும் திறந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அப்படியொரு வெறுங்காணி உண்டா? வேலியுண்டு, உறுதியுண்டு, உரித்தாளர் உண்டு. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, காணி விற்போர் அதனை முதலில் வாங்கும் உரிமையை உரித்தாளருக்கும் பங்காளருக்கும் கொடுத்தது. 1947இன் கட்டளைச் சட்டமும் அம்முன்னுரிமையைக் காத்து நின்றது. காணி உறவுக்குள்ளேயே சுற்றிவர இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறென்ன வேண்டும்? பிறர் காணியிற் குடியிருந்து, அவர் தோட்டத்தில் உழைத்து, அவர் கிணற்றடியில் யாரேனும் அள்ளி வார்ப்பாரா என்று குடத்தோடு காத்து நின்றவனிடம், 'உனக்கு எத்தகைய அயல் விருப்பம்?' என்று கேட்பது கேலியாகும். வேலை வாங்கும்போது அவன் அருகில் இருக்கவேண்டும்; தண்ணீர் அள்ளும்போது தூர நிற்கவேண்டும். டானியலின் 'தண்ணீர்' நாவலைப் படித்தவர்க்கு இதனை நாம் விளக்கத் தேவையில்லை. இந்த அருகாமையையும் தூரத்தையும் ஒருங்கே காட்ட அப்பலகையில் இடமில்லை.

பழி முழுவதையும் ஷெல்லிங் மீது சுமத்துதல் நேர்மையாகாது. அமைப்புகளின் நடைமுறைகளாலும் பொருளாதார வேற்றுமைகளாலும் பிரிவினை விளையும் என்று தொடக்கத்திலேயே கூறி, தனிமனிதத் தெரிவை மட்டும் ஆராய்வதாக அவரே எல்லை கட்டினார். எல்லையை மறந்தவர்கள் பின்வந்தோர்.

ஷெல்லிங்கின் கட்டுரை வந்த அதே ஆய்விதழில், அதே 1971இல், அதற்கு முந்திய இலக்கத்திலேயே ஜேம்ஸ் சகோடா என்பவரின் பலகை மாதிரியுரு வெளிவந்திருந்தது. சகோடா ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர்; இரண்டாம் உலகப் போரின்போது அவ்வரசு தன் குடிமக்களையே அடைத்துவைத்த முகாம்களில் இருந்தவர். அங்கு கண்ட குழு உறவுகளே அவரது ஆராய்ச்சிக்கு வித்தாயின. எனினும், முகாமிலே கருக்கொண்ட அம்மாதிரியுருவில் ஈர்ப்பும் விலக்கமும் உண்டு, முள்வேலி இல்லை.

எமக்கும் முகாம்கள் புதியனவல்ல. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் திரண்டு தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, கொடிகாமத்தின் பாடசாலைகளும் தென்னங்காணிகளும் சனத்தால் நிரம்பின. யாரோ பலகையையே தூக்கிக் கொட்டியது போன்ற நிலை அது. கொட்டுண்ட நாணயங்கள் கலந்தனவா? காலிங்க டியூடர் சில்வா, பி. பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. இடப்பெயர்வு நிகழ்ந்து பல ஆண்டுகளின் பின்னும் யாழ்ப்பாணத்து முகாம்களில் எஞ்சியிருந்தோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரே. வசதியும் உறவுப் பலமும் உடையோர் வெளியேறிவிட்டனர். இவர்களுக்கோ சொந்தக் காணியில்லை. வாங்க முனைந்தாலும் விற்பாரில்லை. பெயர்ந்தவர்களின் விருப்பத்தை ஆராய்ந்து இப்பிரிவினையை அறியமுடியாது. பெயர முடியாதவர்களை அல்லவா ஆராயவேண்டும்?

இலங்கைக் குடிசன மதிப்பீடு இனத்தைக் கேட்கிறது, சமயத்தைக் கேட்கிறது, சாதியைக் கேட்பதில்லை. கணனிக்கு ஊட்டப்படும் அட்டவணையில் அந்த முகாம்வாசி வெறும் 'இலங்கைத் தமிழர்'. ஆய்வாளர்கள் முகாமுக்குப் போய் இருந்து பேசியதனாலேயே செய்தி வெளியாயிற்று. இப்போதோ, மனிதரிடம் போகாமல் மொழிமாதிரிகளிடமே வினாக்கொத்தைக் கொடுத்து விடை வாங்கும் புதுமையும் வந்திருக்கிறது. எழுத்திலே இடம்பெறாத மனிதனின் சார்பில் அது யாருடைய குரலிற் பேசும்?

கணனியை ஒதுக்கிவையுங்கள் என்று நாம் கூறவில்லை. கட்டங்களுக்கு உடைமையாளரை வைக்கலாம். சில கட்டங்களில் மட்டும் கிணறு வைக்கலாம். உரித்தாளருக்கு முன்னுரிமை என்ற விதியையும் எழுதலாம். இதற்குப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. எமது மாணவர் எவரேனும் இதனைச் செய்து, பெறும் முடிவை 2009ஆம் ஆண்டு ஆய்வோடு ஒப்பிட்டு எழுதுவாராயின், அதனை இப்பக்கங்களில் விவாதிக்க நாம் ஆவலாயிருக்கிறோம்.