சாய்வு சைக்கிளும் தங்கவயல் காற்றும்

நாற்காலியில் சாய்ந்தபடி காலை முன்னே நீட்டி மிதிக்கும் ரிகம்பென்ட் சைக்கிளின் ரசிகர்கள் இரண்டு பெருமைகளைச் சேர்த்தே பேசுவார்கள். காற்றைக் கிழித்துப் போகும். தாழ்வாக இருப்பதால் விழாது. முதலாவது உண்மை. இரண்டாவதில் பாதிகூடத் தேறாது.

வேகத்துக்குச் சாட்சி 1933. பிரான்ஸில் ஷார்ல் மோஷே கட்டிய சாய்வு வண்டியில், முன்னணி வீரராக மதிக்கப்படாத ஃபிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டரைத் தாண்டி, ஆஸ்கர் எக் 1914-ல் வைத்த சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் அந்த வடிவத்தை ஒதுக்கிவிட்டது. காற்றை வெல்லச் செலவாகும் சக்தி வேகத்தின் மும்மடிப்படி ஏறும்: 20 கி.மீ. வேகத்திலிருந்து 30-க்குப் போனால் ஏறக்குறைய 3.4 மடங்கு. முன்னால் காட்டும் பரப்பைக் குறைத்தவன் ஜெயிப்பதில் அதிசயமில்லை.

நிலைத்தன்மை வேறு கணக்கு. சிலம்பக் கம்பை உள்ளங்கையில் நிறுத்திவிடலாம், பென்சிலை நிறுத்திப் பாருங்கள். எடைமையம் தாழ்ந்தால் வண்டி சாயத் தொடங்கி விழும் நேரமும் குறைகிறது. உயரம் பாதியானால் சாய்வு சுமார் 1.4 மடங்கு விரைவாகும். சாதாரண சைக்கிளில் இடுப்பை அசைத்துச் சமாளிக்கிறோம். இதில் முதுகு இருக்கையோடு ஒட்டிக் கிடக்கிறது, மிச்சம் ஹேண்டில்பார் மட்டுமே. அதனால்தான் புதியவர்கள் புறப்படும்போதும் மேடேறும்போதும் பாம்பு போல் நெளிகிறார்கள். வேகம் பிடித்ததும் நெளிவு அடங்கிவிடும்.

எடை எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் கேள்வி. 2011-ல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சக்கரச் சுழற்சியின் உதவியோ, முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் ஸ்டியரிங் அச்சுக்குப் பின்னால் விழும் பின்னிழுப்போ இல்லாத ஒரு சிறு வண்டியைத் தானாகவே நிமிர்ந்து ஓடவைத்தார்கள். முன்பாகத்தின் எடையை அவர்கள் வைத்த இடம் அதில் பெரும் வேலை செய்தது. சாய்வு சைக்கிளிலும் அப்படியே. சக்கரங்களுக்கிடையே தூரம் அதிகமான நீண்ட வகையில் முன்சக்கரத்தில் பாரம் குறைவு. சரளைக்கல்லில் திருப்பினால் வழுக்கும். இருக்கைக்குப் பின்னால் உயரமாக மூட்டை கட்டினால் இன்னும் மோசம். குட்டை வகையில் பாரம் முன்னே வந்துவிடும், ஆனால் இறுக்கமான வளைவில் குதிகால் சக்கரத்தில் உரசும்.

‘கனமான வண்டி’ என்ற குறையை நான் பொருட்படுத்தமாட்டேன். ஐரோப்பியப் பந்தய சைக்கிளோடு ஒப்பிட்டால்தான் அது கனம். நம் பழைய ஹெர்குலிஸும் 20 கிலோவை ஒட்டியதுதானே! மொத்தம் 90 கிலோவோடு 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. போக, மேடேற மட்டுமே சுமார் 120 வாட் வேண்டும். கூடுதல் 5 கிலோவுக்கு 7 வாட் ஏறும், அவ்வளவுதான். எழுந்து நின்று மிதிக்க முடியாததே நிஜமான இழப்பு.

இனி காற்று. 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடிய பிறகும், கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவுத்தூளான சயனைடு மேடுகள் அப்படியே நிற்கின்றன. காற்று பலமாக வீசினால் தூள் ஊருக்குள் பறக்கும். சைக்கிள்காரனுக்கு இன்னொரு தொல்லை: மேட்டின் மறைவில் போகும்வரை அமைதி, மறைவு முடியும் இடத்தில் பக்கக்காற்று திடீரென அறையும். வெறும் சாய்வு சைக்கிள் இதைத் தாங்கும், தரையோரம் காற்றின் வேகமும் குறைவு. வேகத்துக்காக வண்டியை மூடும் கூடு மாட்டினால் பக்கவாட்டில் அது பாய்மரமாகிறது. அப்போது வண்டியின் லேசும் எதிரியாகிறது, ஏனெனில் ஒரே தள்ளலில் லேசானது அதிகம் நகரும். ஹேண்டில்பாரோடு திரும்பும் கவசமும் மூடிய முன்சக்கரமும் எல்லாவற்றையும்விட ஆபத்து. காற்று நேராகவே ஸ்டியரிங்கைத் திருப்பிவிடும். பின்னால் சட்டத்தில் பொருத்திய கூம்புப் பெட்டி அத்தனை தொந்தரவு தராது.

2016-ல் அமெரிக்காவின் நெவாடாவில் டாட் ரைக்கர்ட் முழுக்கூடு வண்டியில் மணிக்கு 144.17 கி.மீ. தொட்டார். அந்த ஓட்டங்களில் காற்று நொடிக்கு 1.67 மீட்டரை மீறினால் சாதனை செல்லாது. கிளம்பவும் நிற்கவும் வண்டியை ஆட்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சலுகைகள் தங்கவயலின் மாரிகுப்பம் சாலையில் யாருக்குக் கிடைக்கும்?

மூன்று சக்கர வகை நெளிவைத் தீர்க்கும். ஆனால் லாரி ஓட்டுநர் கண்ணில் படாத உயரத்தில் அமர்த்தும். பங்காருபேட்டை தாண்டி நெடுந்தூரம் மிதிப்பவருக்கு, முதுகுவலிக்காரருக்கு, இருக்கை மிகத் தாழாத, கூடில்லாத இரு சக்கர வகையைச் சிபாரிசு செய்வேன். ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட் கூட்டத்தில் நின்று நின்று நகர்ந்து காய்கறி வாங்கி வருகிறவர் ஹெர்குலிஸை விற்க வேண்டாம்.