கைப்பேசிக்குள் ஒரு கொட்டகை

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சினிமா என்பது பொழுதுபோக்கு மட்டும் அல்ல. பிள்ளைகளின் காதில் தமிழ் விழ ஒரு வழி. ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சி, வாடகைக் கேசட், குறுந்தகடு என்று தேடித் தேடிப் படம் பார்த்த நமக்கு, இன்று ஓ.டி.டி. என்னும் இணையவழித் திரையிடல் கொட்டகையையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. சௌகரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் இதில் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்று சற்றே கணக்குப் பார்க்க வேண்டாமா?

2013இல் 'விஸ்வரூபம்' படத்தை டி.டி.எச். வழியே முதலில் வீடுகளுக்குத் தர கமல்ஹாசன் முனைந்தபோது திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அத்திட்டம் நிறைவேறவில்லை. 2020 மே 29 அன்று, கொரோனாவால் அரங்குகள் மூடிக் கிடந்தபோது, 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமில் வந்தது. மறுபடியும் எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் 'சூரரைப் போற்று', மறு ஆண்டு 'ஜெய் பீம்' என்று அவ்வழியே பெருவழியாயிற்று. சண்டைக்குரியதாக இருந்தது ஏழெட்டு ஆண்டுகளில் பழக்கமாகிவிட்டது.

சிறிய படங்களுக்கு இது வரமா? பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. நம் வீட்டுக்கு அது 2023 அக்டோபரில்தான், சோனி லிவ் வழியாக, வந்து சேர்ந்தது. இணையம் இல்லையேல் நம்மில் பலர் அதைப் பார்த்திருக்கவே மாட்டோம். நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தப் படத்தின் உயிர் எது? பொட்டல் வெயிலில் அப்பனும் மகனும் நடக்கும் நடை. ஊற்றுக்குழியில் பெண் ஒருத்தி சொட்டுச் சொட்டாக நீர் அள்ளும் நீண்ட காட்சி. அங்கே காத்திருப்பதுதான் கதை. கைப்பேசியில் நம் கட்டைவிரல் பத்து விநாடி தள்ளிவிடுகிறது. கதையும் கூடவே போய்விடுகிறது!

மாணவர் படங்களிலும் இந்த அவசரம் தெரிகிறது. எடுத்த எடுப்பிலேயே ஒரு திடுக்கிடல், இடைவிடாத பின்னணி இசை, முகத்தை விட்டு நகராத காமிரா. கருவி மலிவானது நல்லதே. பார்வையும் மலிவாகிவிடக் கூடாது.

நம்ம புனேயே இதற்கு மாற்றுச் சொல்கிறது. பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960இல் தொடங்கிய திரைப்படக் கல்லூரியில்தான் மட்டக்களப்பு மண்ணின் மைந்தர் பாலு மகேந்திரா ஒளிப்பதிவு பயின்றார். அதே கல்லூரியில் ஓராண்டுத் தொலைக்காட்சிப் பயிற்சி பெற்ற சிதானந்த நாயக், பயிற்சியின் ஒரு பகுதியாக எடுத்த கன்னடக் குறும்படம் 2024இல் கான் விழாவின் மாணவர் பிரிவில் முதற்பரிசு வென்றது. கிழவி ஒருத்தி சேவலைத் திருடிவிட, ஊரில் விடியவே மறுக்கிறது என்னும் நாட்டுப்புறக் கதை அது. பாட்டி சொன்ன கதையே கான் வரை போயிற்று என்பதை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

இன்னொரு கவலையும் உண்டு. தம் 'வீடு' படத்தின் மூலப் படச்சுருளே அழிந்துவிட்டது என்று பாலு மகேந்திரா மனம் நொந்து பேசினார். இணைய நிறுவனத்தின் பட்டியல் ஒரு கடைதான், காப்பகம் அல்ல. ஒப்பந்தம் முடிந்தால் படம் காணாமற்போகும். பி.கே. நாயர் இதே புனேயில், 1964இல் அமைந்த தேசியத் திரைப்படக் காப்பகத்துக்காக ஊர் ஊராய்ப் படச்சுருள் சேகரித்தாரே, அந்த அக்கறை இன்று யாருக்கு?

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் நம் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விளக்கை அணைத்து, பெரிய திரையில், எல்லோருமாகச் சேர்ந்து பார்ப்போம். நாலு பேர் மூச்சடக்கிப் பார்க்கும்போதுதான் எடுத்தவருக்குத் தன் படம் எங்கே நிற்கிறது, எங்கே தொய்கிறது என்று புரியும். பார்வை எண்ணிக்கை அதைச் சொல்லித் தராது.