பீங்கான் ஊரும் நாவலும்

ஓர் ஊருக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் நம்மவர்கள் உடனே கேட்கிற கேள்வி, "அங்கே என்ன விசேஷம்?" என்பதுதான். திருநெல்வேலிக்கு அல்வா, மணப்பாறைக்கு முறுக்கு, பத்தமடைக்குப் பாய் என்று ஒவ்வோர் ஊரின் கழுத்திலும் ஒரு பொருளைக் கட்டித் தொங்கவிட்டால்தான் நமக்குத் திருப்தி. விருத்தாசலம் போய் வந்தேன் என்று நான் சொன்னபோது நண்பர்கள் சற்றுத் தயங்கினார்கள். அந்த ஊரை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ரயிலில் படுத்துக்கொண்டே தெரியும். விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவே, சேலத்துக்கும் கடலூருக்கும் பாதை பிரிகிற ஜங்ஷன். அர்த்த ராத்திரியில் ஒரு குலுக்கலோடு வண்டி நிற்கும். "எந்த ஸ்டேஷன்?" என்று ஒருவர் கேட்பார். "விருத்தாசலம்" என்று இன்னொருவர் சொல்வார். இருவரும் தூங்கிப் போவார்கள்.

பெயரைப் பொறுத்தவரையில் இந்த ஊருக்கு ஒரு குறையும் இல்லை. முதுகுன்றம் என்றும் பழமலை என்றும் தமிழில் சொன்னதையே வடமொழியில் விருத்தாசலம் என்றார்கள். தேவாரம் பாடிய மூவரும் பாடிய தலம். சுந்தரர் இங்கே இறைவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது ஐதிகம். ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்கிற பழமொழிக்கு இந்தக் கதையைத்தான் காரணம் காட்டுவார்கள். ஊரின் பெயரை மனிதர்களும் சுமந்து திரிந்திருக்கிறார்கள். உ.வே. சாமிநாதையர் இளமையில் பாடம் கேட்ட செங்கணத்து ரெட்டியாரின் பெயர் விருத்தாசலம். தமிழ்ச் சிறுகதையைப் புரட்டிப் போட்ட புதுமைப்பித்தன் 1906ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயரும் விருத்தாசலந்தான். ஆனால் அவர் கதைகளில் திருநெல்வேலி உண்டு, சென்னை உண்டு. பெயர் மட்டும் ஊர் ஊராகப் போயிற்று; ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது.

போகிறவர் முதலில் கோவிலுக்குப் போவார். நானும் போனேன். ஐந்து கோபுரம், ஐந்து பிரகாரம் என்று எல்லாவற்றையும் ஐந்தைந்தாக எண்ணிக் காட்டுகிறார்கள். ஆழத்துப் பிள்ளையாரைத் தரிசிக்கப் படி இறங்கிப் போக வேண்டும். பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் சந்நிதி. கோர்ட்டில் கொடுப்பது போலவே குறையைக் காகிதத்தில் எழுதி அங்கே 'பிராது' கட்டுகிறார்கள். இதைப் பார்த்தவுடன் எந்தக் கதாசிரியனுக்கும் கை அரிக்கும். பிராது கட்டிய ஒரு பெண், காணாமல் போன ஒரு புருஷன், கடைசிப் பாராவில் கோவில் மணி. மாலைக்குள் கதையை முடித்துத் தபாலில் சேர்த்துவிடலாம்.

இந்த ஆபத்திலிருந்து என்னைக் காப்பாற்றியது அந்த ஊரின் பீங்கான் பட்டறைகள்.

விருத்தாசலத்தில் சர்க்கார் ஏற்படுத்திய பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க ஒரு கல்லூரியும் இருக்கிறது. அக்கம்பக்கத்து வெள்ளைக் களிமண்தான் ஆதாரம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோடு சேர்ந்து கிடப்பதும் இதே இனத்து மண்தான். களிமண்ணோடு இரண்டு வகைக் கற்பொடியும் தண்ணீரும் சேர்த்து அரைத்துக் கூழாக்குகிறார்கள். அந்தக் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்கிறது. குடிக்கக் குடிக்க உள்சுவரில் மண் ஆடை போலப் படிகிறது. வேண்டிய கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிடுகிறார்கள். எப்போது கவிழ்ப்பது என்பதில்தான் கைத்திறமை. முந்தினால் பொம்மை துவண்டுவிடும்; பிந்தினால் கனத்துப் போகும். பிறகு அச்சைப் பிரித்து, விளிம்பைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துக் காயவைத்து, ஒரு முறை சுட்டு, கண்ணாடிப் பூச்சில் தோய்த்து, மறுபடியும் சுடுகிறார்கள். சூளையின் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். உள்ளே போன பொம்மை சுருங்கித்தான் வெளியே வரும். அச்சிலிருந்து எடுத்ததற்கும் அலமாரியில் வைப்பதற்கும் பத்தில் ஒரு பங்கு வாக்கில் அளவு குறைந்துவிடுகிறது.

விளிம்பு சீவிக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம், ஓர் அச்சில் எத்தனை பொம்மை எடுக்கலாம் என்று கேட்டேன். "அது கையப் பொறுத்துது சார். மூஞ்சி மழுங்கிச்சின்னா அச்ச தூக்கிப் போட்டுடணும். வாங்கறவங்க மூஞ்சியத்தான பாக்கறாங்க?" என்றார். கை நிற்கவில்லை.

இலக்கிய விமரிசனத்தில் நான் பல பெரிய வார்த்தைகளைப் படித்திருக்கிறேன். இந்த அம்மாள் சொன்னதைக் காட்டிலும் உபயோகமான அளவுகோல் அவற்றில் அதிகம் இல்லை. நம் பத்திரிகைக் கதைகளில் வருகிற சிற்றூர் ஓர் அச்சில் வார்த்தது. ஆற்றங்கரை, அரசமரம், அக்கிரகாரம் அல்லது பஞ்சாயத்துத் திண்ணை, ஜங்ஷன் காப்பி, பட்டணம் போன பிள்ளை. முதலில் இந்த அச்சைச் செய்தவர்கள் பெரிய கலைஞர்கள். அவர்கள் எடுத்த பொம்மைகளுக்கு மூக்கும் முழியும் தெளிவாக இருந்தன. பின்னால் வந்தவர்கள் அச்சை மாற்றவே இல்லை. கடைசியில் கும்பகோணமும் விருத்தாசலமும் திண்டிவனமும் ஒரே முகமாகிவிட்டன. அச்சைத் தூக்கிப் போட வேண்டும் என்று தொழிலாளிக்குத் தெரிகிறது; எழுத்தாளனுக்குத் தெரிய மறுக்கிறது.

பீங்கான் ஊர் ஒன்றை நாவலுக்குள் கொண்டுவந்தவர் உலகில் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டோக் நகரத்தைச் சுற்றிய பீங்கான் வட்டாரத்தில் 1867ல் பிறந்தவர் ஆர்னால்டு பென்னட். அந்த வட்டாரத்தில் ஊர்கள் ஆறு; அவர் ஐந்தாகக் குறைத்துக்கொண்டு அதைத் தன் நாவல் உலகமாக்கினார். 1910ல் வந்த 'கிளேஹாங்கர்' நாவலில் ஏழு வயதுப் பையன் ஒருவன் வேலைக்குப் போகிறான். வேலை என்னவென்றால், தட்டு ஒட்டியிருக்கிற அச்சைத் தூக்கிக்கொண்டு உலையறைக்கு ஓடுவது, அலமாரியில் வைப்பது, காலி அச்சோடு திரும்பி ஓடுவது. நாள் முழுவதும் ஓட்டம். அந்தப் பையன் வளர்ந்து, அச்சுக்கூடம் வைத்து, கண்டிப்பான கிழவனாகிறான். தகப்பனின் பிடிவாதம் மகனுக்கு விளங்கவில்லை. அந்தப் பால்யத்தைப் பற்றித் தகப்பன் வாய் திறந்ததே இல்லை. மகனுக்குத் தெரியாது, வாசகனுக்குத் தெரியும். நாவலின் சோகம் முழுவதும் இந்த இடைவெளியில் இருக்கிறது. பட்டறை விவரத்தை எடுத்துவிட்டால் அந்தக் கிழவன் வெறும் முரடன், நாவலும் இல்லை.

பென்னட்டை எதிர்த்து வர்ஜீனியா உல்ஃப் 1924ல் எழுதிய கட்டுரை பிரசித்தமானது. ரயில் பெட்டியின் மூலையில் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். பென்னட் போன்றவர்கள் பெட்டியைப் பார்ப்பார்கள், வீட்டைப் பார்ப்பார்கள், வாடகையைக் கணக்கிடுவார்கள், அவளை மட்டும் பார்க்கமாட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. நம் விமரிசகர்களில் பலருக்கு இது வேதவாக்கு. பொருள்களின் ஜாபிதா நாவலாகாது என்பது வாஸ்தவமே. ஆனால் ஜாபிதா வேறு, வேலை வேறு. நாற்காலியின் கால் எப்படி இருந்தது என்பது ஜாபிதா. ஏழு வயதில் ஓடிய ஓட்டம் ஐம்பது வயதில் ஒருவனுடைய குணமாக உறைந்திருப்பது வேலை. கிழவியின் கையைப் பார்க்காமல் அவள் மனசுக்குள் எப்படிப் போவது?

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். அந்த ஊரில் பிறந்தவர்கள்தாம் அந்த ஊரை எழுத வேண்டுமா? வேண்டியதில்லை. பென்னட்டே இருபத்தோரு வயதில் லண்டனுக்குப் போய்விட்டார். அவருடைய பீங்கான் ஊர் நாவல்களில் பேர் பெற்ற ஒன்றைப் பிரான்சில் உட்கார்ந்து எழுதினார். முசிறியில் பிறந்த ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய்த் தங்கி, பார்த்து, கேட்டு, 'கரிப்பு மணிகள்' எழுதினார். போகிறவர் எத்தனை நேரம் நிற்கிறார், எதைப் பார்க்க நிற்கிறார் என்பதுதான் கேள்வி. கோவில் வாசலில் நிற்பதைப் போல உப்புப் பாத்தியின் ஓரத்திலும் நிற்கப் பொறுமை வேண்டும்.

விருத்தாசலத்து மண் எழுத்துக்கு வராத மண் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பழமலய்யின் 'சனங்களின் கதை' இந்தப் பக்கத்து மனிதர்களைக் கவிதைக்குள் அழைத்து வந்தது. விருத்தாசலத்தில் வாழும் இமையம் 1994ல் 'கோவேறு கழுதைக'ளை வெளியிட்டார். அதில் வருகிற ஆரோக்கியம் துணி வெளுக்கிறவள். அவளுடைய துக்கத்தை ஆசிரியர் வர்ணித்துச் சொல்வதில்லை. அழுக்கெடுப்பது, வெளுப்பது, வீடு வீடாகச் சோறு கேட்பது என்று அவள் வேலையைத் தொடர்ந்து போகிறார். துக்கம் தானாக வருகிறது. மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். அவருடைய 'நெடுஞ்சாலை'யில் பஸ் பணிமனையின் எண்ணெய்ப் பிசுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டுகிறது. நடுநாட்டுச் சொற்களுக்கு அவர் ஓர் அகராதியே தொகுத்திருக்கிறார். அச்சைத் தூக்கிப் போட்டவர்கள் என்று நான் சொல்வது இவர்களைத்தான்.

என்றாலும் அந்த ஊரின் வெள்ளை மண்ணையும் சூளையையும் நடுநாயகமாக வைத்த தமிழ் நாவல் ஒன்று இன்னும் என் கைக்குக் கிடைக்கவில்லை. நெசவாளிக்கு 'பஞ்சும் பசியும்' 1953லேயே வந்துவிட்டது. தீப்பெட்டிக் குழந்தைகளுக்குக் 'கூட்டுக் குஞ்சுகள்' இருக்கிறது. பீங்கானுக்கு எதைக் காட்டுவது?

இதில் அவசரமும் இருக்கிறது. பிரான்சில் திராட்சை மது விளைகிற ஊர்கள் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தவை. 1935லேயே சட்டம் போட்டு, இன்ன ஊர்ப் பெயர் இன்ன மண்ணில் விளைந்த மதுவுக்குத்தான் என்று முறைப்படுத்திவிட்டார்கள். ஷாம்பேன் என்று சொன்னால் பானமும் ஊரும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. விருத்தாசலத்துச் சரக்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கொலுப்படியில் ஏறிய பொம்மை, கார்த்திகை விளக்கு, கிறிஸ்துமஸ் குடிலின் மாட்டுக்குட்டி, மீட்டர் பெட்டிக்குள் இருந்த வெள்ளை ஃபியூஸ் கேரியர் இவற்றில் எது அந்த ஊர்ச் சரக்கு என்று நாம் ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. மின்சாரம் பாயாத பொருள் என்பதால் பீங்கானை அங்கே வைத்தார்கள்; நாமும் தைரியமாகக் கையால் பிடுங்கிக் கம்பி சுற்றிச் செருகினோம். இப்போது புது வீடுகளில் தானாக விழுகிற எம்.சி.பி. சுவிட்சு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பொம்மைக்குச் சீனத்திலிருந்து போட்டி. ஒரு பொருள் சந்தையிலிருந்து போனால், அதைச் செய்த கையின் அறிவும் போய்விடும். கூழை எப்போது கவிழ்ப்பது என்று எந்தப் புத்தகமும் முழுவதும் சொல்லித்தராது.

நாவல் எழுதித் தொழிலைக் காப்பாற்றிவிட முடியும் என்று சொல்லுகிற அளவுக்கு எனக்கு அசட்டுத்தனம் இல்லை. 'கரிப்பு மணிகள்' வந்ததால் உப்பளத்து வெயில் குறைந்துவிடவில்லை. ஆனால் அந்த நாவலைப் படித்தவர் சாப்பாட்டு மேஜையில் உப்பை எடுக்கும்போது ஒரு கணம் தாமதிப்பார். அந்தத் தாமதத்தைத்தான் இலக்கியத்தால் உண்டாக்க முடியும். அது சிறிய காரியமல்ல.

எழுத வருகிற இளைஞர்கள் ஊரின் விசேஷத்தைக் கேட்டுக்கொண்டு போகாமல், அங்கே காலை எட்டு மணிக்கு ஜனங்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போகலாம். வாசகர்களும் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். ஆற்றங்கரையும் கோவில் மணியும் வருகிற அடுத்த கதையைப் படிக்கும்போது, இந்த ஊர்க்காரர்கள் எதைச் செய்து பிழைக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கதையில் பதில் இல்லையென்றால், ஆசிரியர் அந்த ஊரை ரயிலில் படுத்துக்கொண்டே பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.