இரட்டைக்கு ஆசைப்பட்டு ஒரு மாத்திரை

"ஒரே பிரசவத்துல ரெண்டு பொறந்துட்டா போதும், மறுபடி இந்தப் பாடு வேண்டாம்." குழந்தைக்காக மருத்துவமனை ஏறி இறங்கும் பெண்கள் பலர் சொல்வது இது. தாமதமாக மணமாகி, சிகிச்சைக்குக் கடன் வாங்கி, வேலையில் இன்னொரு முறை விடுப்புக் கேட்கத் தயங்கும் ஒருத்தி இப்படி நினைப்பதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அந்த ஆசைக்காகவே கருத்தரிப்பு மருந்தை விழுங்குவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

அத்தகைய மருந்துகளில் ஒன்றான க்ளோமிபீன் 1967-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாதவிலக்கின் தொடக்க நாட்களில், வழக்கமாக ஐந்து நாள் சாப்பிடும் மாத்திரை. உடலில் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதாக மூளையை நினைக்க வைத்து, முட்டையை வளர்க்கும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கச் செய்கிறது. பிசிஓடி காரணமாக முட்டை வெளிவராத பெண்கள் எத்தனையோ பேர் இதனால் தாயாகியிருக்கிறார்கள். விலையும் குறைவு. இந்த நன்மையைச் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். தூண்டுதல் சற்று மிகுந்து இரண்டு முட்டைகள் முதிர்ந்தால் இரட்டை உண்டாகிறது. மருத்துவம் அதைப் பக்கவிளைவாகத்தான் பார்க்கிறது.

இரட்டைக்கான வாய்ப்பும் பலர் நம்பும் அளவுக்கு இல்லை. பிசிஓடி உள்ள 750 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், க்ளோமிபீனால் கருத்தரித்தவர்களில் இரட்டை சுமார் 7 சதவீதம். முட்டையைத் தூண்ட அதே ஆய்வில் தரப்பட்ட இன்னொரு மருந்தான லெட்ரசோலில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். குழந்தை பெற்றவர்களோ லெட்ரசோல் தரப்பில்தான் அதிகம்: 27.5 சதவீதம், க்ளோமிபீன் தரப்பில் 19.1. முட்டை ஒழுங்காக வெளிவரும் பெண்ணுக்கு க்ளோமிபீன் பாதகமாகவும் முடியலாம். கருப்பையின் உட்சவ்வை அது மெலியச் செய்வதுண்டு. முட்டையைத் தூண்டும் ஊசி மருந்துகளில் இரட்டைக்கு வாய்ப்பு கூடும். கூடவே மூன்று, நான்கு கருக்களும் உருவாகலாம். சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கவும் கூடும்.

இந்த மருந்துகளால் உண்டாகும் இரட்டையர் பெரும்பாலும் இரு முட்டைகளிலிருந்து வருபவர்கள். ஆளுக்கொரு நஞ்சுக்கொடி உண்டு. ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிடும் இரட்டையரைவிட இவர்களுக்கு ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனாலும் இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறையுமுன்னே பிறந்துவிடுகிறார்கள். தாய்க்கு ரத்த அழுத்தம், ரத்தசோகை, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு எல்லாமே கூடுகின்றன. ஒன்றரைக் கிலோ எடையில் பிறந்த பிள்ளைக்கு உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒருசேர வராது. அந்தத் திறன் சுமார் 34 வாரத்தில்தான் கூடிவரும். அதுவரை மூக்கு வழியே குழாய். பிறகு, பீய்ச்சிய பாலைப் பாலாடையில் ஊற்றி, புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். ஒன்றுக்குப் புகட்டி முடிப்பதற்குள் அடுத்ததற்கு நேரமாகிவிடும். இடையில் மறுவேளைக்குப் பால் பீய்ச்சியாக வேண்டும், அதுவும் சிசேரியன் தையலோடு. ஒரே செலவு, ஒரே விடுப்பு என்று போட்ட கணக்கு குறைமாதக் குழந்தைகள் வார்டில் நிற்பதில்லை.

மருந்தை மருத்துவர் கொடுக்கும்போது கூடவே ஸ்கேனும் உண்டு. முட்டைப் பைகள் திரையில் கறுப்பு வட்டங்களாகத் தெரியும். ஒன்று 18 மில்லிமீட்டரைத் தாண்டினால் முட்டை வெடிக்க ஊசி போடுவார்கள். மூன்று நான்கு சேர்ந்து முதிர்ந்திருந்தால் ஊசியை நிறுத்தி, இந்த மாதம் சேர வேண்டாம் என்று தம்பதியிடம் சொல்வார்கள். க்ளோமிபீன் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை. இரட்டை பிறக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மருந்துக்கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் பெண்ணுக்கு இந்த ஸ்கேனும் இல்லை, நிறுத்தச் சொல்ல ஆளும் இல்லை. எந்த மாதம் எத்தனை முட்டை முதிர்ந்தது என்பது அவளுக்குத் தெரிய வழியே இல்லை.