28 நாள் கட்டம் காலியாகவே இருக்கட்டும்

சிமென்ட் லோடு சைட்டுக்கு வரும்போது கூடவே ஒரு தாளும் வரும்: ஆலையின் டெஸ்ட் சர்டிஃபிகேட். துளை போட்டு ஃபைலில் கோத்துவிடுவார்கள். வரி வரியாகப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. கம்பிக்கு ஒன்று, எம்-சாண்டுக்கு ஒன்று என்று ஓர் அடுக்குமாடி எழும்புவதற்குள் அலமாரி நிறைந்துவிடும். இந்தத் தாள்களை போனில் படமெடுத்து ஏஐ மொழி மாதிரியிடம் கொடுத்தால், வேண்டிய எண்களைப் பட்டியலாகப் பிரித்துத் தருமா?

தருகிறது. அதுவும் பழைய மென்பொருள்கள் திணறிய இடத்தில். ஓர் ஆலை வலிமையை மெகாபாஸ்கல் என்று போடும். இன்னொன்று ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று போடும். இரண்டும் ஒரே அளவுதான். முன்பெல்லாம் ஒவ்வோர் ஆலையின் படிவத்துக்கும் தனித்தனியாக விதி எழுத வேண்டியிருந்தது. மொழி மாதிரிக்கு அது தேவைப்படவில்லை. சாய்வாக எடுத்த படத்திலும், முத்திரை மை படிந்த வரியிலும் அது பெரும்பாலும் சரியாகவே படிக்கிறது.

கம்பித் தாளில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஐஎஸ் 1786 தரவிதிப்படி எஃப்இ 500 கம்பி அறுவதற்குள் குறைந்தது 12 சதவீதமாவது நீள வேண்டும். எஃப்இ 500டி என்றால் 16 சதவீதம். கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்து முன்னதில் 0.105 சதவீதம் வரை இருக்கலாம், பின்னதில் 0.075-ஐத் தாண்டக் கூடாது. வாசிப்பில் அந்த 'டி' ஒன்று நழுவினால் ஒப்பிட வேண்டிய அளவுகள் எல்லாமே மாறிவிடும். கம்பி எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பரிலும் சுழியத்தை 'ஓ' என்றும் எட்டை 'பி' என்றும் படித்துவிட வாய்ப்புண்டு. கம்பிக் கட்டில் தொங்கும் தகரச் சீட்டோடு அந்த நம்பரை ஆள்தான் ஒத்துப்பார்க்க வேண்டும்.

உண்மையான ஆபத்து சிமென்ட் தாளில் இருக்கிறது. ஐஎஸ் 269-இன்படி 53 கிரேடு சிமென்ட் 3 நாளில் 27, 7 நாளில் 37, 28 நாளில் 53 மெகாபாஸ்கல் வலிமையைத் தொட வேண்டும். தாளில் இரண்டு பத்திகள் இருக்கும்: விதி கேட்பது ஒன்று, சோதனையில் கிடைத்தது இன்னொன்று. 28 நாள் முடியும்வரை மூட்டைகள் ஆலையில் காத்திருப்பதில்லை. அதனால் முதலில் வரும் தாளில் அந்தக் கட்டம் பல நேரம் காலியாகவே இருக்கும். '28 நாள் வலிமை எவ்வளவு?' என்று மொட்டையாகக் கேட்டால், மொழி மாதிரி பக்கத்துப் பத்தியில் உள்ள 53-ஐ எடுத்துப் பதிலாகத் தந்துவிடக்கூடும். பட்டியலில் பார்ப்பவருக்கு அது 'பாஸ்' ஆன சிமென்ட். சோதனையோ இன்னும் முடியவே இல்லை. தூணையும் தளத்தையும் தாங்கப்போகும் எண் இது. இங்கே ஊகத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது.

கேட்கிற விதத்தை மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரிகிறது. 'சோதனையில் கிடைத்த அளவை மட்டும் எடு. அச்சாகவில்லை என்றால் "இல்லை" என்று எழுது. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில், அது இருந்த வரியை அப்படியே கொடு' என்று சொல்லிவிட வேண்டும். மூல வரி கண்ணெதிரே இருப்பதால், எண் இடம் மாறியிருந்தால் பார்த்தவுடன் பிடித்துவிடலாம். பாஸா ஃபெயிலா என்ற தீர்ப்பை மாதிரியிடம் விடாமல் எக்செல் ஃபார்முலாவிடம் கொடுப்பது நல்லது, 36.8 என்பது 37-ஐவிடக் குறைவு என்பதில் ஃபார்முலா தடுமாறாது.

இப்படி வேலை வாங்கினால், டைப் அடிக்கும் நேரம் மிச்சமாகும் என்பதற்காகவே இதை சைட் ஆபீஸில் சேர்த்துக்கொள்ளலாம். 'இல்லை' என்று வந்த வரிகளைத் தனியாக வடிகட்டி வைத்தால், எந்த லோடுக்கு 28 நாள் தாள் இன்னும் வரவில்லை என்று டீலரிடம் கேட்க வேண்டிய பட்டியலும் தயார்.