ஆனையிறவும் தேடுபொறியின் வரிசைமுறையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதி ஆனையிறவு எனப்படும். வடக்கே இயக்கச்சியும் தெற்கே பரந்தனும் அமைய, இருமருங்கும் களப்பு நீர் பரந்து கிடக்க, கண்டி வீதியும் புகையிரதப் பாதையும் அடுத்தடுத்துச் செல்லும் இவ்விடம் உப்பு விளைவினாற் பேர்பெற்றது. இதன் பெயரை இக்காலத்து மாணாக்கன் ஒருவன் தேடுபொறியில் இட்டு வினவுவானாயின், அவன்முன் முதலில் வந்து நிற்பன பெரும்பாலும் போர்களே. 1991ஆம் ஆண்டு ஆடி, ஆவணி மாதங்களில் நிகழ்ந்த முற்றுகை, 2000ஆம் ஆண்டு சித்திரையில் இராணுவம் தளத்தைக் கைவிட்டுப் பின்வாங்கியமை, 2009ஆம் ஆண்டு தையில் அது மீண்டும் இராணுவத்தின் கைப்பட்டமை ஆகியன பற்றிய பக்கங்கள் முன்னிற்கும். உப்பளம் பின்னரே வரும். ஒல்லாந்தர் கோட்டை அதற்கும் பின்னர். இக்களப்பை நன்னீர் ஏரியாக்கிக் குடாநாட்டின் நீர்ப்பஞ்சத்தைத் தீர்க்கலாமென்று பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டமோ, பொறுமையுடையார் கண்ணுக்கு மட்டுமே புலப்படும்.

தேடுவோன் இருக்கும் நாடு, தேடும் மொழி, தேடும் நாள் என்பவற்றுக்கேற்ப இவ்வரிசை மாறுமாயினும், அதன் போக்கு பெரிதும் மாறுவதில்லை. 'ஆனையிறவு' என்று ஒரு சொல்லாக எழுதித் தேடினால் ஒரு வரிசை. 'ஆனை இறவு' என்று பிரித்தெழுதினால் வேறொன்று. 'யானையிறவு' என்றால் பிறிதொன்று. ஆங்கிலப் பெயரை இட்டால், அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவில் அதே பெயருடைய மலைவழி ஒன்றும், நிஹால் டி சில்வா எழுதி 2003ஆம் ஆண்டுக்குரிய கிரேஷியன் பரிசு பெற்ற 'ஆனையிறவிலிருந்து வரும் பாதை' என்னும் ஆங்கில நாவலும் உடன்வந்து கலக்கும். ஊர் ஒன்று, வரிசை பல. இவற்றுள் எதனையும் அமைத்தவர் இன்னார் என்றும், அமைத்த விதி இன்னது என்றும் பக்கத்தில் யாங்கணும் குறிப்பில்லை.

பொருள்களை நிரல்படுத்தித் தருதல் தமிழருக்குப் புதிதன்று. அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர் கொண்ட முறை கற்றோர் யாவரும் அறிந்தது. ஒற்றையெண் பெற்ற செய்யுட்கள் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். இவ்விதியை அறிந்தவன், செய்யுளின் எண்ணைக் கேட்ட அளவிலே திணையைச் சொல்லிவிடுவான். உப்பு விளையும் நெய்தல் பத்தாம் எண்ணைப் பெற்றமையால் அது தாழ்ந்த திணையென்று எவரும் கொண்டிலர். பிற்காலத்தே மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் வெளியிட்ட அபிதான கோசமும், அதனை அடுத்து 1910இல் வெளிவந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியும் அகரவரிசையை மேற்கொண்டன. அகரவரிசை பொருள்களின் தரத்தைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. கண்டெடுக்க உதவுவதே அதன் தொழில். தேடுபொறியின் வரிசையோ தரங்கூறுவது. முதலில் நிற்பதே தேடியவனுக்கு மிக வேண்டியது என்று அது துணிகின்றது. தரங்கூறுவது யாதாயினும் அது திறனாய்வு. ஆகவே திறனாய்வுக்கு உட்படுதற்கும் உரியது.

இத்துணிபு எங்ஙனம் பிறக்கின்றது என்பது நோக்கற்பாலது. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த சேர்கே பிரின், லரி பேஜ் என்னும் இருவரும் 1998இல் வெளியிட்ட கட்டுரையில் கூகிளின் அடிப்படை விளக்கப்பட்டது. ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்களிலிருந்து வரும் இணைப்பு ஒவ்வொன்றும் அதற்குக் கிடைத்த மேற்கோள் போன்றது. பலரால் மேற்கோளாக எடுத்தாளப்பட்ட பக்கம் உயரும். அப்படி உயர்ந்த பக்கம் மேற்கோளாகக் காட்டும் பக்கம் மேலும் உயரும். தமிழ் நூல் வரலாறு அறிந்தார்க்கு இது விளங்காத நுட்பமன்று. வளையாபதி முழுமையாக இன்று கிடைத்திலது. உரையாசிரியர்கள் காட்டியனவும் புறத்திரட்டிற் சேர்ந்தனவுமாகிய சில செய்யுட்களே எஞ்சின. எடுத்தாளப்பட்டது வாழ்ந்தது, எடுத்தாளப்படாதது மறைந்தது. ஆனால், மறைந்த செய்யுட்கள் யாவும் எஞ்சியவற்றினும் இழிந்தவை என்று துணிந்துரைப்பார் ஒருவரும் இலர்.

இணைப்புக்களை எண்ணுதல் தொடக்கமே. அதன்மேல் வேறு பல அளவைகள் ஏறியுள்ளன. 2023ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் அமெரிக்க அரசு கூகிள்மேல் நடத்திய வழக்கில், அந்நிறுவனத்து உயர் அலுவலர் பாண்டு நாயக் அளித்த சாட்சியத்தினால், தேடுவோர் எப்பக்கத்தைச் சொடுக்குகின்றனர் என்பது 13 மாத அளவுக்குச் சேமிக்கப்பட்டு வரிசைக்குப் பயன்படுகின்றது என்பது வெளிப்பட்டது. முதலில் நிற்பதையே பலர் சொடுக்குவர். பலர் சொடுக்குவதே முதலில் நிற்கும். கோயில் வாயிலில் நீண்ட வரிசை கண்டு, உள்ளே ஏதோ சிறப்பு நிகழ்கின்றது போலும் என்று தாமும் சென்று நிற்பாரை இஃது ஒக்கும். அன்றியும், புதுமையும் ஓர் அளவை. போரின் ஆண்டு நினைவுகள் வருந்தோறும் புதிய பக்கங்கள் எழுதப்படுகின்றன. உப்புப் பாத்திக்கு ஆண்டு நினைவு கொண்டாடுவார் யார்?

ஆகவே போர் முன்னிற்றலில் வியப்பில்லை. அதனைப் பிழையென்றும் கூறவொண்ணாது. பெருந்தொகையான உயிர்கள் மாண்ட ஓரிடத்தைப் பற்றிக் கூறுவோன் அதனை மறைத்துக் கூறுதல் தகாது. எனினும், முதற் பக்கத்தோடு தேடலை நிறுத்தும் இளைஞனுக்கு அவ்வூர் போர்க்களம் அன்றிப் பிறிதொன்றுமில்லை. ஊர்ப் பெயரும் இதே கதியை அடைந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. 'இறத்தல்' என்னும் வினை பழந்தமிழிற் கடத்தல் என்னும் பொருளை உடையது. பிற்கால வழக்கிற் சாதல் என்றே நின்றுவிட்டது. வன்னிக் காட்டில் பிடிபட்ட யானைகள் விற்பனைக்காகக் குடாநாட்டுக்குக் கடத்திச் செல்லப்பட்ட வழி ஆதலின் ஆனையிறவு ஆயிற்று என்பர். சிங்களப் பெயராகிய அலிமங்கடவும் யானைவழி என்றே பொருள்படும். பெயரிற் கடத்தல் மறைந்து சாவு தோன்றியவாறே வரிசையிலும் நேர்ந்துள்ளது.

இனி, வரிசையில் முற்படுதல் வேறு, உண்மையாதல் வேறு என்பதற்கு இவ்வூரிலேயே தெளிவான சான்று ஒன்றுண்டு. ஆனையிறவிற் போர்த்துக்கீசர் 1760ஆம் ஆண்டு கோட்டை கட்டினர் என்றும், ஒல்லாந்தர் 1776இல் அதனைத் திருத்திக் காவற்படை வைத்தனர் என்றும் ஒரு செய்தி இணையத்திற் பரவலாகக் காணப்படுகின்றது. கலைக்களஞ்சியம், சுற்றுலா வழிகாட்டி, செய்தித்தாள் எனப் பல வகையான பக்கங்கள் ஏறத்தாழ ஒரே சொற்களால் இதனைக் கூறுகின்றன. போர்த்துக்கீசர் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடம் ஒப்படைத்தது 1658ஆம் ஆண்டு ஆனி மாதத்தில். ஆயின், இந்நாட்டைவிட்டு நீங்கி 102 ஆண்டுகள் கழிந்தபின் அவர்கள் இங்கு வந்து கோட்டை கட்டினராதல் வேண்டும்! 1760இல் இப்பகுதி ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தது. 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றும்வரை அங்ஙனமே இருந்தது. வன்னிப் பக்கத்திலிருந்து குடாநாட்டைக் காத்தற்பொருட்டு ஆனையிறவு, பெஸ்கூட்டர், பைல் என்னும் சிறு கோட்டைகள் மூன்று நிரலாக அமைந்திருந்தமையையும், அவற்றுள் ஆனையிறவுக் கோட்டை ஆங்கிலேயர் காலத்திற் பயணிகள் தங்கும் விடுதியாக மாறியமையையும் வரலாற்று நூல்களாற் காணலாம்.

கழித்தற் கணக்கு அறிந்த சிறுவனும் கண்டுகொள்ளத்தக்க இப்பிழை எங்ஙனம் நிலைபெற்றது? ஒரு பக்கம் கூறிற்று. அதனைப் பார்த்து மற்றொன்று எழுதிற்று. பின்னர், பலரும் ஒருங்கே கூறுவதால் மெய்யாதல் வேண்டும் என்று அடுத்தவர் கொண்டனர். பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடங்கண்ட சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் இவ்விடர்ப்பாட்டை நன்கு அறிவர். பத்து ஏடுகளும் ஒரு தாயேட்டைப் பார்த்து எழுதப்பட்டனவாயின் அவை பத்துச் சான்றுகள் ஆகா, ஒரு சான்றேயாம். தேடுபொறி ஏடுகளின் தொகையை நன்றாக எண்ணும். தாயேடு எதுவென்று ஆராய்வது அதன் முதற் கருத்தன்று. அண்மைக்காலத்தில் தேடுபொறிகள் பக்கங்களின் பட்டியலோடு நில்லாது, பல பக்கங்களைத் தொகுத்து விடையொன்றைத் தாமே எழுதித் தரவும் தொடங்கியுள்ளன. இதனால் இக்குறை பெரிதாதற்கும் இடமுண்டு. விடை ஒன்றாகிவிட்டால் ஒப்புநோக்குதற்குப் பிறிது பாடம் இல்லை.

உப்பளமும் களப்பும் பின்தங்கியமைக்குக் காரணம் முழுவதையும் பொறியின்மேற் சுமத்துதல் நேர்மையாகாது. வடக்கு நிலத்தைப் பற்றிய செய்திகளை வேண்டுமென்றே தாழ்த்துகின்றனர் என்று ஐயுறுவார் உளர். பிறிதொரு காரணம் கைமேல் இருக்கச் சதியைக் காரணமாகக் காட்டுதல் ஆராய்ச்சி நெறியன்று. 2024ஆம் ஆண்டு ஆவணியில் அமெரிக்க நீதிமன்றம் தேடுபொறித் துறையிற் கூகிள் சட்டத்துக்கு மாறாகத் தனியாதிக்கத்தைப் பேணியது எனத் தீர்த்தமை உண்மையே. அத்தீர்ப்பு நிறுவனத்தின் வணிக முறையைப் பற்றியது. எவ்வூரை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றியதன்று.

கைமேல் இருக்கும் காரணம் தமிழ் எழுத்தின் நிலையாம். இலங்கையில் நெடுங்காலம் தமிழ் ஆவணங்கள் பாமினி முதலிய எழுத்துருக்களிலே தட்டச்சுச் செய்யப்பட்டன. அவை மனிதன் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துக்களின் கோவையாகவே கிடக்கின்றன. அத்தகைய பக்கம் ஒன்றில் ஆனையிறவு என்று நூறு முறை எழுதப்பட்டிருப்பினும், பொருந்தாத எழுத்துக் குவியலையே பொறி காணும். அதற்கு முந்திய அச்சு நூல்களும் சஞ்சிகைகளும் 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தின் அரிய முயற்சியால் படிமங்களாக இணையத்தில் ஏறியுள்ளன. படிமம் என்பது பக்கத்தின் நிழற்படம். அதிலுள்ள எழுத்தைப் பொறி படித்தறிய வேண்டுமாயின் அது மறுபடி எழுத்தாக்கப்படல் வேண்டும். பழைய அச்சும் மங்கிய தாளும் அவ்வேலையைக் கடினமாக்குகின்றன. களப்பின் நீர்த்திட்டத்தைப் பற்றியும் உப்புத் தொழிலைப் பற்றியும் தமிழில் எழுதப்பட்டனவற்றுள் எத்துணை இந்நிழலில் மறைந்து கிடக்கின்றனவோ!

இவற்றோடு இலக்கணத்தையும் சேர்த்து எண்ணுதல் தகும். ஆனையிறவில், ஆனையிறவின், ஆனையிறவுக்கு, ஆனையிறவிலிருந்து என வேற்றுமை உருபு ஏற்ற வடிவங்கள் யாவும் ஒரு பெயரே என்பதைத் தமிழ்ச் சிறுவன் இயல்பாகவே அறிவான். ஆங்கிலத்தை முதன்மையாகக் கொண்டு வளர்ந்த பொறிக்கு அது கற்பிக்கப்பட வேண்டியதாயிற்று. கற்றதும் இன்னும் நிறைவுற்றிலது. மேலும், ஒரு பொருளைப் பற்றிய பக்கங்கள் மிகச் சிலவாயின், உள்ளவை எத்தன்மையனவாயினும் அவையே மேலேறும். கோலெபியெவ்ஸ்கி, போய்ட் என்னும் ஆய்வாளர் இருவர் 2018இல் இந்நிலையைத் தரவு வெற்றிடம் என்று பெயரிட்டு விளக்கினர். ஆங்கிலத்திற் பேரூர்களைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு நிற்கும். வன்னியின் ஊர்களுக்குத் தமிழில் அத்தகைய திருத்துவார் கூட்டம் இல்லை. 1760ஆம் ஆண்டுப் பிழை இத்துணைக் காலம் தடையின்றி உலவியதற்கு இவ்வெற்றிடமே இடமளித்தது.

உப்பும் வரிசையின் மேலே வருதற்கு வாய்த்த காலம் ஒன்று உண்டு. போர்க்காலத்தில் நின்றுபோன உப்பளம் மீண்டும் இயங்கத் தொடங்கிய பின்னர், 2025ஆம் ஆண்டு பங்குனியில் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. அங்கே பொதியிடப்படும் உப்புக்கு 'ரஜ லுணு' என்னும் சிங்களப் பெயர் இடப்பட்டதும், ஆனையிறவு உப்பு என்ற பெயரே வேண்டும் என்று மறுப்பு எழுந்தது. பத்திரிகைகள் எழுதின, படங்கள் பரவின, பக்கங்கள் ஒன்றையொன்று சுட்டின. பொறி வேண்டும் அளவைகள் யாவும் ஒருங்கே நிரம்பின. அப்பக்கங்களைப் படிப்போர் உப்பின் பெயரைப் பற்றி நிறைய அறியலாம். களப்பின் உவர்நீர் முதற் பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாறிச் செறிவடைவதையும், கோடை வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச முதலில் சுண்ணச் சத்தும் பின்னர் உப்பும் படிவதையும், மாரி தொடங்குமுன் அதனை வாரிக் குவித்துவிட வேண்டியிருப்பதையும் அறிய விரும்புவோர் இன்னும் பல பக்கங்கள் தள்ளிச் செல்லல் வேண்டும்.