நீர் மாத்திரையை நிறுத்தலாமா?

தேக்கா சந்தைக்கு மேலே, பஃபலோ ரோட்டு வீவக வீட்டில் என் பெரியம்மா இருக்கிறார். சென்ற ஆண்டு ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் அவருக்கு ஏறியிருந்தது. சிறுநீரகம் தாங்காது என்று, அவர் எடுத்துவந்த நீர் போகும் மாத்திரையை நிறுத்தினார்கள். பத்தே நாளில் செருப்பு வார் புறங்காலில் பள்ளமாகப் பதிந்தது. விரலால் அழுத்தினால் குழி நெடுநேரம் மேலெழவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணை இரண்டு மூன்றானது.

பெரியம்மாவுக்கு இதயத்தின் மூவிதழ் வால்வில் கசிவு. கிரியேட்டினின் ஏறினால் நீர் மாத்திரையைக் குறைப்பது மருத்துவத்தில் நெடுங்காலமாக ஊறிய வழக்கம். அதைத் தவறென்று சட்டென ஒதுக்கிவிட முடியாது.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து 300 கிராம் அளவே எடை. ஆனால் ஓய்வில் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 லிட்டர், அவற்றுக்குத்தான் போகிறது. பெருந்தமனி வால்வு 3 முதல் 4 சதுர செ.மீ. திறக்க வேண்டும். அது 1 சதுர செ.மீ.க்குக் கீழே சுருங்கியவருக்கு நீர் மாத்திரை மிஞ்சினால் இதயம் நிரம்புவது குறையும், வெளியே தள்ளுவதும் குறையும், சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் வற்றும். அவருக்கு மாத்திரையைக் குறைப்பதே சரி. வாந்திபேதியில் உடல் வறண்டவருக்கும் அப்படியே.

ஆனால் வந்த ரத்தம் வெளியேறவும் வேண்டுமே. மூவிதழ் வால்வு கசிந்தால் வலது கீழறை சுருங்கும்போதெல்லாம் ரத்தம் மேலறைக்கே திரும்பிப் பெருஞ்சிரைகளில் தேங்கும். இயல்பில் சில மி.மீ. பாதரசமாக இருக்கும் சிரை அழுத்தம், கசிவு முற்றியவருக்கு 20ஐத் தாண்டக்கூடும். அந்த அழுத்தம் சிறுநீரகச் சிரை வரை போய்ச் சேரும். சிறுநீரகமோ எளிதில் விரியாத உறைக்குள் இருக்கிறது. உள்ளே நீர் கோத்தால் நுண்குழாய்கள் நெரிபடும். தமனி அழுத்தத்துக்கும் சிரை அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளிதான் ரத்தத்தை ஓடவைக்கிறது. அந்த இடைவெளியே குறுகிவிடுகிறது. மரினா அணைக்கட்டு 2008இல் வருவதற்கு முன், கடலேற்ற நேரத்தில் பெருமழை பெய்தால் ஜாலான் புசார் பக்கத்துத் தாழ்வான தெருக்களில் வெள்ளம் வடியாமல் நின்றதைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். பெரியம்மாவின் சிறுநீரகத்தில் நடந்ததும் அதுதான். இதில் இன்னொரு கொடுமை: ஓட்டம் குறைந்ததும் உடலில் நீர் போதவில்லை என்று எண்ணிக்கொள்ளும் சிறுநீரகம், ரெனின் என்ற நொதியைச் சுரந்து உப்பையும் நீரையும் மேலும் பிடித்துவைக்கிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. தனியே எடுத்த நாயின் சிறுநீரகத்தில் சிரை அழுத்தத்தை ஏற்றினால் சிறுநீர் குறைவதை விண்டன் என்ற ஆய்வாளர் 1931லேயே காட்டினார். கிளீவ்லாந்தில் இதயச் செயலிழப்பு முற்றிய 145 நோயாளிகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், சிறுநீரகம் கெட்டதற்கு இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவைவிடச் சிரை அழுத்தமே நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது. இத்தனைக்குப் பிறகும் ஒரே ஓர் எண்ணைப் பார்த்து மாத்திரையை நிறுத்துவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. வீக்கம் வடிந்து மூச்சு இலகுவாகிவரும்போது கிரியேட்டினின் சற்று ஏறினால், கண்காணித்துக்கொண்டே மாத்திரையைத் தொடர்வதுதான் பெரும்பாலும் நல்லது. வறட்சியா தேக்கமா என்பதைக் கழுத்துச் சிரையும் கால் வீக்கமும் எடையும் எக்கோ அறிக்கையும் சேர்ந்துதான் சொல்லும்.

லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து ஊட்ரம் பார்க் நான்காவது நிறுத்தம். தேசிய இதய நிலையமும் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஆனாலும் நோயாளிக்கு இதயத்துக்கு ஒரு நாள், சிறுநீரகத்துக்கு வேறொரு நாள். 2023இல் தொடங்கிய 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டம் ஆளுக்கொரு குடும்ப மருத்துவரைத் தருவது இங்கே உண்மையான பலம். இரண்டு அறிக்கைகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஒருவர் கிடைக்கிறார். மூட்டுவலிக்கு நோயாளி கடையில் வாங்கிப் போடும் இபுப்ரோஃபன், சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குழாயையே இறுக்கக்கூடியது. அதையும் அவர்தான் கேட்டறிய வேண்டும்.

பெரியம்மாவின் கழுத்துச் சிரை காதோரம் வரை புடைத்திருந்ததை அடுத்துப் பார்த்த மருத்துவர் கவனித்தார். மாத்திரை திரும்ப வந்தது. மூன்று வாரத்தில் நான்கு கிலோ இறங்கியது, கிரியேட்டினினும் இறங்கியது. இப்போது காலையில் காப்பிக்கு முன் எடைப் பொறியில் ஏறி, பார்த்த எண்ணை நாட்காட்டித் தாளில் எழுதிவைக்கிறார். இரண்டு நாளில் இரண்டு கிலோ கூடினால் எனக்கு அழைப்பு வரும்.